காலனிய அரசிடம் கொடுத்த மனு: நிவாரணம் எது, நஷ்டஈடு எது?

சென்னை மாகாணத்துக் குடிகள் ஆங்கிலேய அரசுக்கு எழுதிய மனுக்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு தீர்ப்புகளில் ஒன்று உடனே வந்து விழும். அவை கும்பிட்டுக் கெஞ்சிய அடிமைக் காகிதங்கள் என்பார் ஒருவர். அந்தக் காலத்தில் ஒரு மனுப் போட்டால் போதும், கலெக்டரே குதிரையேறி வந்து நஷ்டத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போவார் என்பார் இன்னொருவர். இரண்டுமே தவறு என்பதைவிட, இரண்டும் ஒரே குழப்பத்திலிருந்து பிறந்தவை என்பதே சரி. அரசு மனம் வைத்தால் தரும் உதவியையும், சட்டப்படி தந்தே ஆக வேண்டிய தொகையையும் இவர்கள் ஒரே பையில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். பழைய மனு ஒன்றைப் படிப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இதை எழுதியவர் இவ்விரண்டில் எதைக் கேட்கிறார் என்பதுதான்.

சலுகையும் பாக்கியும்

வாடகை வீட்டில் குடியிருப்பவர் ஒருவர், வருமானம் குறைந்துபோன மாதத்தில் வீட்டுக்காரரிடம் சென்று பாதி வாடகையைத் தள்ளுபடி செய்யக் கேட்கிறார். வீட்டுக்காரர் இரங்கலாம், இரங்காமலும் போகலாம், இரங்காவிட்டால் அவர் மீது வழக்குப் போட முடியாது. அதே மனிதர் வீட்டைக் காலி செய்துவிட்டுத் தாம் கொடுத்த முன்பணத்தைத் திரும்பக் கேட்கும்போது நிலைமை வேறு. அவர் எவ்வளவு பணிவாகக் கேட்டாலும் அது கடன்பாக்கி. மறுத்தால் நீதிமன்றத்துக்குப் போகலாம். கேட்கும் குரல் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கலாம், கேட்கும் பொருளின் தன்மைதான் வேறு.

காலனிய அரசின் கீழ் முதல் வகைக்கு நிவாரணம் என்று பெயர்: பஞ்சம், வெள்ளம், பயிர்ச்சேதம் போன்ற துன்பத்தைக் குறைக்க அரசு தன் விருப்பத்தின்படி செய்யும் உதவி. இரண்டாம் வகை நஷ்டஈடு: அரசின் செயலால் ஒருவர் இழந்ததற்கு ஈடாக, ஏதேனும் ஒரு சட்டத்தின் கீழ் அரசு கொடுக்கக் கடமைப்பட்ட தொகை. இவை இரண்டையும் கேட்க மக்கள் கையாண்ட கருவி மனு ஒன்றே. அதாவது, குறையைச் சொல்லி, ஒரு குறிப்பிட்ட உத்தரவை வேண்டி, அதிகாரம் படைத்தவரிடம் கொடுக்கும் எழுத்து. கருவி ஒன்றாக இருந்ததால்தான் பிற்காலத்தில் இத்தனை குழப்பம்.

எழுதியது யாருக்கு, படித்தது யார்

மனுக்களுக்கு ஒரு படிக்கட்டு இருந்தது. அடியில் தாலுகாவின் தாசில்தார், அவருக்கு மேல் ஜில்லா கலெக்டர், அவருக்கு மேல் 1786இல் சென்னையில் ஏற்பட்ட ரெவினியூ போர்டு, அதற்கும் மேல் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆலோசனைச் சபையுடன் அமர்ந்த கவர்னர். கடைசிப் படி கடல் கடந்து லண்டனில் இருந்தது. 1858 வரை அது கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் அவை; அதன் பிறகு இந்தியாவுக்கான மந்திரி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனுச் செய்யும் வழி இவற்றுக்கு வெளியே தனியாக இருந்தது. பணமும் தொடர்புகளும் உள்ளவர்களுக்கே அது எட்டியது.

மனுவின் நடை முன்பே வகுக்கப்பட்டிருந்தது. மேலே விளி, பிறகு மனுதாரர் இன்னார் என்ற அறிமுகம், பிறகு சங்கதிகள் ஒவ்வொன்றாக, இறுதியில் வேண்டுகோள், அதற்கும் கீழே தங்களுக்காக என்றென்றும் பிரார்த்திப்போம் என்ற முடிப்பு. இந்த முடிப்பைக் காட்டித்தான் பலரும் அடிமைத்தனம் என்கிறார்கள். ஆனால் இங்கிலாந்தில் ஓர் ஆங்கிலேயர் தம் நாடாளுமன்றத்துக்கு எழுதிய மனுவும் இதே வாசகத்தில்தான் முடிந்தது. அது அலுவலகச் சடங்கு. மனுதாரரின் முதுகெலும்பை அதை வைத்து அளக்க முடியாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது, காகிதம் மேலே போன பிறகு நடந்தது. கலெக்டர் ஒவ்வொரு வயலையும் நேரில் பார்க்கப் போவதில்லை. அவர் மனுவின் மேல் ஒரு குறிப்பெழுதித் தாசில்தாரின் அறிக்கைக்கு அனுப்புவார். தாசில்தார் கிராமக் கணக்கரான கர்ணத்தின் கணக்கைக் கேட்பார். ஆக, மேல்படியில் கொடுத்த மனு கீழ்ப்படிக்கே இறங்கி வரும். மனுவில் சொன்ன குறை மழையைப் பற்றியதாக இருந்தால் இதனால் பெரிய கேடில்லை. குறை தாசில்தாரைப் பற்றியதாகவோ கர்ணத்தைப் பற்றியதாகவோ இருந்தால், குற்றம் சாட்டப்பட்டவரே அறிக்கை எழுதுபவராகவும் ஆகிவிடுவார். இந்த ஒரு சங்கதியை மனத்தில் வைத்துக்கொண்டால் அந்தக் கால மனுக்களின் பாதிக் கதை விளங்கிவிடும்.

இதுவரை பார்த்தது: நிவாரணம் அரசின் விருப்பம், நஷ்டஈடு சட்டத்தின் கடமை, இரண்டுக்கும் மனுவே வழி, மனு மேலே ஏறினாலும் அதன் மீதான அறிக்கை கீழிருந்தே வரும்.

வஜா: தீர்வைத் தள்ளுபடி

நிவாரணத்தில் விவசாயிகள் மிகுதியாகக் கேட்டது வஜா, அதாவது நிலவரியைத் தள்ளுபடி செய்வது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792க்குப் பிறகு பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில், வளர்த்தெடுத்து, மன்றோ கவர்னராக இருந்த 1820களில் மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் பரவிய ரயத்துவாரி முறையில், பட்டாதாரர் ஒவ்வொருவரும் நேரடியாக அரசுக்கு வரி கட்டினார். வயலுக்கு விதிக்கப்பட்ட வரி தீர்வை. அதைத் தவணையாகக் கட்டுவது கிஸ்தி. ஆண்டுதோறும் கலெக்டரோ அவருக்கு அடுத்த அதிகாரியோ தாலுகாவுக்கு வந்து, கிராமக் கணக்குகளைத் தணிக்கை செய்து, அந்தப் பசலிக்கு, அதாவது வருவாய்க் கணக்கு ஆண்டுக்கு, யார் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முடிவு கட்டும் நிகழ்ச்சிதான் ஜமாபந்தி. வஜா கேட்டவர்களின் விதி அங்கேதான் தீர்மானிக்கப்பட்டது.

நஞ்சைக்கும் புஞ்சைக்கும் இதில் பெரிய வேறுபாடு இருந்தது. நஞ்சைத் தீர்வையில் அரசு ஏரியிலிருந்தோ வாய்க்காலிலிருந்தோ வரும் தண்ணீரின் விலையும் அடங்கியிருந்தது என்பது அரசின் கணக்கு. ஆகவே ஏரி வறண்டு பயிர் சாவியானால், தராத தண்ணீருக்கு விலை கேட்பது முறையாகாது என்று வஜா வழங்க இடம் உண்டு. புஞ்சைக்கு இந்த வாதம் செல்லாது. நல்ல ஆண்டையும் கெட்ட ஆண்டையும் சராசரி பார்த்துத்தானே தீர்வையைக் குறைவாக விதித்திருக்கிறோம், மழை பொய்த்த ஆண்டின் நஷ்டம் அந்தச் சராசரியிலேயே அடங்கிவிட்டது என்று அரசு சொல்லும். பெருவாரியான விளைச்சல் இழப்பு நேர்ந்தாலன்றிப் புஞ்சைக்கு வஜா கிடைப்பது அரிது. கையிருப்பே இல்லாத சிறு புஞ்சை விவசாயிக்கு, பத்தாண்டுச் சராசரி எந்த வகையிலும் சோறு போடாது என்பதை அந்தக் கணக்கு கண்டுகொள்ளவில்லை.

நஞ்சையிலும் வஜா தானாக வந்துவிடாது. பயிர் கருகியது என்று எழுதினால் போதாது. கருகிய பயிர் வயலில் நிற்கும்போதே அதிகாரி பார்த்திருக்க வேண்டும், கர்ணத்தின் அடங்கலில் அது ஏறியிருக்க வேண்டும். அடங்கல் என்பது எந்தப் புல எண்ணில் என்ன பயிர், எந்த நிலையில் உள்ளது என்று காட்டும் கிராமப் பதிவேடு. கர்ணத்தோடு பகைத்துக்கொண்டவரின் வயல் அந்தப் பதிவேட்டில் செழித்து விளைந்திருக்கவும் கூடும். பார்வையிட வருபவர் வரும்வரை காத்திருந்தால் மிச்சமுள்ள வைக்கோலும் கெடும். காத்திராமல் அறுத்துவிட்டால் வஜா கேட்க ஆதாரம் போய்விடும்.

ஜமீன்தாரி கிராமங்களில் இந்தக் கதவும் இல்லை. 1802ஆம் ஆண்டின் நிரந்தரத் தீர்வைப்படி ஜமீன்தார் அரசுக்குக் கட்டும் தொகை நிலையானது. பயிர் விளைந்ததா இல்லையா என்பதை அரசு கேட்காது. குடியானவர் தள்ளுபடி கேட்க வேண்டியது ஜமீன்தாரிடம்தான்.

பஞ்ச நிவாரணமும் கடனும்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சூறையாடிய பெரும்பஞ்சத்தில், நிவாரணம் என்றால் பெரும்பாலும் வேலை. சாலை போடுவது, கால்வாய் வெட்டுவது போன்ற பணிகளில் உடல் வலிமை உள்ளவர்கள் உழைத்தால் கூலி. முடியாதவர்களுக்கு மட்டும் முகாமில் உணவு. இந்திய அரசின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்ட் டெம்பிள், 1877 ஜனவரியில், வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல், அதாவது ஏறத்தாழ அரைக் கிலோ, தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இந்த அளவில் உழைக்கும் உடல் நிலைக்காது என்று கடுமையாக எதிர்த்தார். பம்பாய் மாகாணத்தில் பூனா சார்வஜனிக் சபை குடிகளின் சார்பில் அரசுக்கு மனு மேல் மனு எழுதியது. சென்னையில் சில மாதங்கள் கழித்துக் கூலி உயர்த்தப்பட்டது. ஆனால் அதற்குள் உயிரிழந்தவர்களின் குடும்பத்தார் எவரும், போதாத கூலி கொடுத்தீர்கள் என்று அரசின் மீது எந்த உரிமையும் கோர முடியவில்லை. நிவாரணம் என்ற சொல்லின் எல்லை அதுதான்.

1880இல் பஞ்சக் குழுவின் அறிக்கையும், 1883இல் தற்காலிகப் பஞ்ச விதித்தொகுப்பும் வந்தன. எப்போது நிவாரண வேலை தொடங்குவது, யாருக்கு எவ்வளவு கூலி என்பவை எழுத்தில் வந்தது உண்மையான முன்னேற்றம். ஆனாலும் அவை அதிகாரிகளுக்கான கட்டளைகள். கலெக்டர் அவற்றை மீறினால் ரெவினியூ போர்டு அவரைக் கேட்கலாம்; பசித்தவர் நீதிமன்றத்தில் கேட்க முடியாது.

இந்த இடத்தில் இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பழைய ஆவணங்களில் விவசாயிகளுக்கு அரசு இத்தனை ஆயிரம் கொடுத்தது என்று வரும் வரிகள் பலவும் தக்காவியைக் குறிப்பவை. விதை, உழவு மாடு, கிணறு போன்றவற்றுக்காக அரசு தந்த கடனே தக்காவி. 1883, 1884ஆம் ஆண்டுகளின் இரண்டு சட்டங்கள் அதை ஒழுங்குபடுத்தின. கடனை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், கட்டத் தவறினால் நிலவரிப் பாக்கியைப் போலவே வசூலிப்பார்கள். அதேபோல் கிஸ்தியை ஒத்திவைப்பதும் வஜா ஆகாது. அடுத்த ஆண்டு இரண்டும் சேர்ந்து வரும்.

சுருங்கச் சொன்னால், நிவாரணம் என்ற ஒரே தலைப்பின் கீழ் தள்ளுபடி, ஒத்திவைப்பு, கடன், கூலி வேலை ஆகிய நான்கும் இருந்தன. திருப்பிக் கேட்கப்படாதவை தள்ளுபடியும் கூலியும் மட்டுமே. நான்கில் எதுவும் உரிமை ஆகாது.

நஷ்டஈடு: நிலம் எடுத்தால்

ரயில் பாதைக்கும் அணைக்கும் அலுவலகத்துக்கும் அரசு தனியார் நிலத்தை எடுத்தபோதுதான் நஷ்டஈடு என்பது முழு உருவம் பெற்றது. 1857, 1870ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பிறகு வந்த 1894ஆம் ஆண்டின் நிலக் கையகப்படுத்தல் சட்டம் வெகுகாலம் நிலைத்தது. 2014 ஜனவரியில் புதிய சட்டம் நடைமுறைக்கு வரும்வரை சுதந்திர இந்தியாவிலும் அதுவே ஆண்டது. அதன்படி, அரசிதழில் அறிவிப்பு வரும்; நிலத்தில் உரிமை உள்ளவர்கள் தங்கள் கோரிக்கையைச் சொல்ல நோட்டீஸ் வரும்; கலெக்டர் விசாரித்து ஈட்டுத் தொகையைத் தீர்மானிப்பார். சந்தை மதிப்பு எவ்வளவோ அதனுடன், விருப்பத்துக்கு மாறாக எடுத்ததற்காக அதில் நூற்றுக்கு 15 பங்கு கூடுதலாகச் சேர்க்க வேண்டும். தொகை போதாது என்று நினைப்பவர் குறித்த காலத்துக்குள் எழுத்து மூலம் கேட்டால், கலெக்டர் விஷயத்தை நீதிமன்றத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

முதலில் பார்த்த வேறுபாடு இங்கே கண்ணுக்குத் தெரிகிறது. 1870ஆம் ஆண்டின் நீதிமன்றக் கட்டணச் சட்டம் அரசு அலுவலகங்களுக்குக் கொடுக்கும் பலவகை மனுக்களுக்கு ஓரணாவிலிருந்து கட்டண முத்திரை விதித்தது; ஆனால் பொதுத் தேவைக்கு எடுத்த சொத்துக்காக நஷ்டஈடு கேட்கும் மனுவுக்கு அதே சட்டம் விலக்கு அளித்தது.

இத்தனை நேர்த்தியான சட்டத்திலும் பொறிகள் இருந்தன. கொடுத்த தொகையை ஆட்சேபணை தெரிவிக்காமல் வாங்கிக்கொண்டவர், பிறகு அது போதாது என்று நீதிமன்றத்துக்குப் போகும் வழியை இழந்துவிடுவார். எழுதப்படிக்கத் தெரியாத பட்டாதாரர், நீட்டிய இடத்தில் கைநாட்டு வைத்து ரூபாயை எண்ணி வாங்கிய அந்த நிமிடத்திலேயே கதவு சாத்தப்பட்டுவிடும். 'ஆட்சேபணையுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற ஒரு வரியின் விலையை அறிந்தவர்கள் வக்கீல் வைக்க வசதியுள்ளவர்களே. இன்னொன்று, நிலத்தை எடுக்கவே கூடாது என்று ஆட்சேபிக்கும் உரிமை 1923 வரை அந்தச் சட்டத்தில் கிடையாது. அந்த ஆண்டுத் திருத்தம்தான் ஆட்சேபணைகளைக் கேட்க வேண்டும் என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. அதற்கு முன் வாதாடக் கிடைத்தது விலை மட்டுமே.

1925இல் தொடங்கி 1934இல் முடிந்த மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில் பண்ணவாடி உட்படப் பல ஊர்கள் மூழ்கின. இப்படிப்பட்ட இடங்களில் ஈட்டுத் தொகை யாருக்குக் கிடைக்கும் என்பதைச் சட்டத்தின் அமைப்பே சொல்லிவிடும். நிலத்தில் காட்டத்தக்க உரிமை உள்ளவர் கேட்கலாம். அந்த நிலத்தில் நாற்று நட்டும் களையெடுத்தும் பிழைத்தவர் இழந்ததும் வாழ்வுதான் என்றாலும், அதற்கு அந்தச் சட்டத்தில் தலைப்பே இல்லை.

வழக்குப் போட்டால்?

அரசு ஊழியரின் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்துக்கு அரசின் மீது வழக்குத் தொடரலாமா என்ற கேள்விக்கு 1861இல் கல்கத்தாவில் ஒரு பதில் கிடைத்தது. கிதிர்ப்பூர் அரசுக் கப்பல் பட்டறைக்கருகே ஊழியர்கள் சுமந்து சென்ற இரும்புத் துண்டு சாலையில் விழுந்த ஓசையில், பி அண்ட் ஓ கப்பல் கம்பெனியின் வண்டிக் குதிரை மிரண்டு காயப்பட்டது. கம்பெனி 350 ரூபாய் கேட்டது. தனியார் எவரும் செய்யக்கூடிய தொழிலை அரசு செய்யும்போது நேர்ந்த தவறுக்கு அரசு பொறுப்பு, ஆளும் அதிகாரத்தைக் கையாளும்போது பொறுப்பில்லை என்று நீதிமன்றம் பிரித்தது. உப்பு வரி வழக்கு ஒன்றில் 1882இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவினையைவிடத் தாராளமான கருத்தைச் சொன்னது. ஆயினும் குதிரைக்குக் கிடைத்தது போலீஸ் அடியில் காயப்பட்ட மனிதருக்குக் கிடைப்பது எளிதாக இருக்கவில்லை. காவலும் வரி வசூலும்தான் ஆளும் அதிகாரத்தின் மையம்.

எந்தத் தலைப்பிலும் அடங்காத குறை

வஜாவிலும் அடங்காது, நிலச் சட்டத்திலும் அடங்காது என்று சில குறைகள் உண்டு. அவற்றில் கொடியது கிஸ்திக்காக நடந்த சித்திரவதை. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் 1852இல் சென்னையில் நிறுவிய சென்னை சுதேசி சங்கம், இந்தியாவை ஆளக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு நாடாளுமன்றம் தந்திருந்த சாசனம் புதுப்பிக்கப்பட இருந்த வேளையில், நாடாளுமன்றத்துக்கு ஒரு நீண்ட மனுவை அனுப்பியது. நிலவரிச் சுமை, உப்பு, நெசவுத் தறிக்கும் தொழிலுக்கும் விதித்த மொத்தர்பா வரி, நீதிமன்றச் செலவு என அதில் வரிசையாக இருந்தன. 1853இல் நாடாளுமன்ற உறுப்பினர் டான்பி சீமோர் நேரில் வந்தபோது, செட்டியார் அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று காட்டினார். மறு ஆண்டு காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்தது. சென்னையில் எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் கொண்ட விசாரணைக் குழு அமர்ந்தது.

குழுவின் முன் 1,959 புகார்கள் வந்தன. 519 பேர் நேரில் வந்து நின்றார்கள், மற்றவர்கள் எழுதினார்கள். விரல்களை இரு குச்சிகளுக்கிடையே வைத்து இறுக்கும் கிட்டி, உடலை வளைத்துத் தலையைக் கீழே இழுத்துக் கட்டி வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் ஆகியவை வரி வசூலிலும் போலீஸ் விசாரணையிலும் வழக்கத்தில் இருந்ததை 1855ஆம் ஆண்டு அறிக்கை ஒப்புக்கொண்டது. தீங்குக்கு ஆளானவர்கள் பரிகாரம் பெறுவதில் உள்ள இடர்ப்பாட்டைத் தங்கள் மனத்தை மிகவும் வருத்திய விஷயங்களில் ஒன்றாக ஆணையர்கள் குறித்தார்கள். கலெக்டரிடம் நேரில் போகப் பணமும் நாளும் வேண்டும். எழுதி அனுப்பினாலோ, தாசில்தாரின் விசாரணைக்கு என்ற வழக்கமான குறிப்போடு அது தீங்கு செய்தவரின் கைக்கே திரும்பிப் போகும் என்ற அச்சம்.

சங்கங்களின் மனுக்களைப் பிற்காலக் காங்கிரஸின் தீவிரப் பிரிவினர் பிச்சை அரசியல் என்று எள்ளியது நாம் அறிந்ததே. அந்த ஏளனத்தில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் சென்னை சுதேசி சங்கத்தின் மனு கேட்டது பணத்தை அன்று, விசாரணையை. அது கிடைத்தது, அச்சிலும் ஏறியது. விசாரித்து அறிக்கை தருவதே குழுவின் பணி என்பதால் அந்த 1,959 பேருக்கு அது நஷ்டஈட்டு மன்றமாக இருக்கவில்லை. 1859ஆம் ஆண்டின் சென்னைப் போலீஸ் சட்டம் காவல் வேலையைத் தாசில்தாரிடமிருந்து பிரித்துத் தனித் துறையாக்கியது. கிஸ்தி வசூலும், வஜா வழங்கும் அதிகாரமும், அவற்றின் மீதான மனுக்களைக் கேட்கும் பொறுப்பும் மட்டும் முன்போலவே தாசில்தார், கலெக்டர், ரெவினியூ போர்டு என்ற அதே படிக்கட்டில் தொடர்ந்தன.